யானைக்காது வைத்த கோட்

எங்கள் ஸ்ரூடியோவில் ஆணியில் ஒரு கோட் தொங்கியது. கடல்நீல நிறம். முன்னுக்கு நின்று பார்த்தால் ஒரு துரை போட்டுக் கழற்றியது போலிருக்கும். பின்னுக்குப் போய்ப் பார்த்தால் கழுத்திலிருந்து இடுப்பு வரை நேராகப் பிளந்த துணி. பிளந்தவர் என் கணவர். "படத்துக்கு ஏனப்பா முதுகு?" என்று கேட்டுக்கொண்டே அவர் கத்தரிக்கோலை இழுத்தது இன்றைக்கும் காதில் கேட்கிறது. பருத்தவர் போட்டால் பிளவு விரிந்து கொடுக்கும். மெலிந்தவர் போட்டால் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்து முதுகில் குண்டூசி குத்திவிடலாம். குத்துவது என் வேலை. சல்லிக் கிராமத்திலிருந்து கடற்றொழில் செய்கிறவர்கள் வருவார்கள். இடுப்பில் சாரம், மேலே கோட், கழுத்தில் முடிச்சோடு ரப்பர் நாடா வைத்துத் தைத்த ரை. நெஞ்சுக்குக் கீழே கமரா பார்க்காது என்பதால் வெறுங்காலோடு ஸ்ரூலில் ஏறி இருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கலியாணத்துக்கோ வெளிநாட்டு வேலைக்கோ கொடுக்கப் படம் எடுப்பார்கள். அவர்களுக்கு வெளிச்சத்துக்குப் பயம். எனக்குக் குண்டூசிக்குப் பயம். ஒன்று தவறி உள்ளே கிடந்து அடுத்த ஆளின் முதுகைக் கிழித்தால் என்ன செய்வது? எண்ணிக் குத்துவேன், எண்ணி எடுப்பேன்.

பயம் என் கூடப் பிறந்தது. அம்மா படுக்கையில் விழுந்தபோது நான் எட்டாம் வகுப்பு. தம்பி தங்கைகளைப் பார்க்க வீட்டில் நின்றவள் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. போகாதவர்களுக்கு ஒரு பயம் உண்டு. எல்லாருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று நமக்கு மட்டும் தெரியாமல் போயிருக்கும், அது ஒருநாள் நடுச் சபையில் வெளிப்படும் என்ற பயம். என் கணவர் அதற்கு எதிர்மாறானவர். உட்துறைமுக வீதியிலிருந்து பிரிகிற ஒழுங்கையில் எங்கள் ஸ்ரூடியோ. மழை வந்தால் கூரை ஒழுகி இருட்டறைக்குள் தண்ணீர் நிற்கும். "நல்லதுதானே, படம் கழுவத் தண்ணி அள்ளத் தேவையில்லை" என்பார். அவர் பெயரை நான் சொல்லிப் பழகவில்லை. இங்கேயும் 'இவர்' என்றே எழுதுகிறேன். இவர் கண்ணை மூடி ஐந்து வருடமாகிறது.

அந்தக் கோட் கப்பலில் வந்த பழைய உடுப்பு மூட்டை ஒன்றுக்குள் கிடந்தது. துறைமுகத்தடியில் அப்படி மூட்டைகளைப் பிரித்து விற்பார்கள். நாங்கள் கலியாணம் கட்டிய புதிதில் இவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் சுழன்று காட்டினார். கொலரிலிருந்து நெஞ்சுக்கு இறங்குகிற மடல் இரண்டும் அகன்று தோளைத் தொட்டுக்கொண்டு நின்றன. தையல்காரர்கள் அந்த மடலுக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அது காது. "யானைக்காது பாரும், அசைச்சால் காத்து வரும்" என்றார் இவர். அப்போதெல்லாம் எல்லாருக்கும் யானைக்காதுதான் வேண்டும். சினிமாக் கொட்டகைச் சுவரில் ஒட்டிய படத்தில் கதாநாயகன் என்ன போட்டிருந்தானோ, அடுத்த கிழமை எங்கள் ஸ்ரூலில் இருக்கிறவனும் அதைத்தான் கேட்பான். மூன்று பொத்தானா இரண்டு பொத்தானா, மேல் பொத்தானைப் பூட்டுவதா விடுவதா என்று எனக்குத் தெரியாது. வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத்தான் பழகினேன்.

மூன்று வருடம் போகவில்லை, ஊரில் கதை மாறிவிட்டது. ஜெர்மனிக்கும் சுவிசுக்கும் போன பொடியன்கள் வீட்டுக்கு அனுப்பிய படங்களில் கோட்டின் காது சுருங்கியிருந்தது. நிலாவெளியிலிருந்து வந்த ஒருத்தன் எங்கள் கோட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அண்ணை, இதென்ன எங்கட அப்பான்ர கோட்டோ?" என்று கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். இவருக்கு ரோசம் வந்துவிட்டது. "இஞ்சேரும், இந்தக் காதை வெட்டிச் சின்னனாக்கித் தாரும், எலிக்காது மாதிரி" என்று என்னிடம் தந்தார். மூத்தவள் வயிற்றில் ஆறு மாதம். நான் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். வெட்டக் கை வரவில்லை. வெட்டினால் வெட்டியதுதான். நாளைக்கு யாராவது வந்து பெரிய காது வேண்டும் என்றால் எங்கே போவது? கடைசியில் வெட்டாமல், காதின் ஓரத்தை இரண்டு விரல் அகலம் உள்ளே மடித்து, தையல் வெளியே தெரியாமல் கையால் தைத்து, ஈரத்துணி போட்டு அயன் பண்ணிக் கொடுத்தேன். இவர் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். "உமக்குக் கத்தரிக்காய்க்கும் பயம், கத்தரிக்கோலுக்கும் பயம்" என்றார். அந்த மாதங்களில் கத்தரிக்காய் சாப்பிட்டால் பிள்ளைக்குத் தோலில் கிரந்தி வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் அதைத் தொடாமல் இருந்தேன்.

அந்த எலிக்காதுக் கோட்டோடுதான் என் மூத்தவள் பிறந்தாள், குப்புற விழுந்தாள், நடந்தாள். யார் வந்து படம் எடுத்தார்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். நான் அவர்களின் முதுகைத்தான் பார்த்தேன். முகத்தைப் பார்த்தவர் இவர். அதையும் பிறகு பென்சிலால் திருத்திவிடுவார். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கறுப்பு, வெயிலில் எரிந்த தோல், எல்லாவற்றையும் நெகற்றிவில் தொட்டுத் தொட்டு அழித்து, எங்கள் ஸ்ரூடியோவிலிருந்து போகிற ஆண்களை எல்லாம் ஒரே வயதுக்காரர் ஆக்கிவிடுவார். பிறகு நாட்டில் சண்டை முற்றியது. ஒரு காலை கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பி வந்தபோது ஸ்ரூடியோவுக்குக் கூரை இல்லை. கோட்டும் இல்லை. இவர் புதிதாகக் கமரா வாங்கினார், கோட் வாங்கினார், மனிதர் எதிலும் தேங்கி நிற்கவில்லை. நான் அந்தப் பழைய கோட்டை மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் மாசி மாதம் ஒரு காலை, சாம்பல்தீவிலிருந்து ஒரு அம்மா என்னைத் தேடி வந்தா. எண்பது வயதுக்கு மேலே இருக்கும். கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தது மகள். கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். அம்மா அதைத் தொடாமல் மடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினா. அஞ்சலட்டை அளவுக் கறுப்பு வெள்ளைப் படம்.

"பிள்ளை, இது உங்கட ஸ்ரூடியோப் படம்தானே? பின்னால சீல் கிடக்கு."

கிடந்தது. திகதி இல்லை. இவர் ஒருநாளும் திகதி போட்டதில்லை. படத்தில் ஒரு பொடியன், கோட், ரை, சீவிய தலை, கழுத்துவரை இறங்கிய மயிர்.

"என்ர மகன்" என்றா அம்மா. "வேலைக்கெண்டு சைக்கிளில போனவன். இருபத்துநாலு வயசு. போனவன் போனவன்தான்."

மிச்சத்தை மகள் சொன்னா. தம்பலகாமத்தில் இருந்த சின்னம்மா, அதாவது இந்த அம்மாவின் தங்கச்சி, தை மாதம் செத்துப்போனா. வீட்டை ஒழுங்குபடுத்தியபோது ஒரு சாமிப் படத்தின் சட்டத்துக்குப் பின்னால் இது இருந்திருக்கிறது. இப்படி ஒரு படம் இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. சின்னம்மா ஒருநாளும் வாய் திறக்கவில்லை. இனிக் கேட்கவும் ஏலாது.

"உங்களிட்டக் கேக்கிறது ஒண்டுதான்" என்றா அம்மா. "இது அவன் போறதுக்கு முதல் எடுத்ததோ, பிறகு எடுத்ததோ? கோட்டைப் பாத்தால் உங்களுக்குத் தெரியுமெண்டு சந்தையில ஒரு ஆள் சொன்னது. நீங்கள்தானாம் அதை வெட்டித் தைச்சது."

மகன் காணாமல்போன வருடத்தைச் சொன்னா. நான் என் பிள்ளைகளை வைத்துத்தான் வருடம் எண்ணுவேன். மூத்தவளுக்கு ஒரு வயது, சுவரைப் பிடித்து நடக்கிற காலம். அப்போது எங்கள் கோட்டுக்கு எலிக்காது. படத்திலே யானைக்காது. இந்த வயதில் இந்த மனுசிக்கு ஒரு பொய் நம்பிக்கையைக் கொடுத்துவிட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கரைப்பது என்ற ஒரு நினைப்புத்தான் எனக்கு. மற்றது ஒன்றும் ஓடவில்லை.

"முதல் எடுத்தது அம்மா" என்றேன். "காது பெரிசாக் கிடக்கு. அவர் போன நேரம் நாங்கள் அதைச் சின்னனாக்கிப் போட்டம்."

"வடிவாப் பாத்துச் சொல்லு பிள்ளை."

"வடிவாப் பாத்துத்தான் அம்மா சொல்லுறன்."

பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடி மேசையில் இருந்தது, நான் அதை எடுத்துப் போடவில்லை. அம்மா படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டா. பிறகு மகளிடம், "சரி, அப்ப எழுதிக் குடுப்பம்" என்றா.

படலைக்கு வெளியே மகள் எனக்குக் கிட்ட வந்து கையைப் பிடித்தா. அரசாங்கக் கந்தோரில் மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வருடக்கணக்காகக் கேட்கிறார்களாம். அம்மா "உடம்பைக் காட்டு, எழுதித் தாறன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாவாம். இந்தப் படம் வந்த நாளிலிருந்து சாப்பாடும் இல்லை, உறக்கமும் இல்லை. "பெரிய உபகாரம் அக்கா. ஒரு முடிவைச் சொன்னியள். திங்கட்கிழமை கையெழுத்து வைக்கக் கூட்டிக்கொண்டு போறன், பிறகு கிரியையும் செய்து போடலாம்" என்றா. எட்டாம் வகுப்போடு நின்ற என் கையைப் பிடித்து ஒரு ஆள் நன்றி சொன்னது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதவேண்டும்.

சனிக்கிழமை பின்னேரம் நான் யன்னல் சீலை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். என் மகள் வீட்டு யன்னல் எங்களுடையதைவிட உயரம், சீலை எட்டவில்லை. கீழ் மடிப்பின் தையலைப் பிரித்து இறக்கினால் சரியாக வரும். பிரித்து விரித்தேன். சீலை முழுவதும் வெயிலில் வெளுத்துச் சாம்பல் கலந்த பச்சை. மடிப்புக்குள் இருந்த பட்டி மட்டும் வாங்கிய நாள் போலக் கரும்பச்சை. ஓரம் முழுக்கக் கரை போட்டது போல ஒரு கோடு. நான் சீலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன்.

அந்தக் கோட்டின் காதை நான் பிறகு திரும்பவும் விரித்தேன்.

அப்போது இளையவளுக்கு மூன்று மாதம். தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டு, தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பெரிய காது திரும்பி வந்துவிட்டது, இரண்டு வரிசைப் பொத்தான் வேண்டுமாம் என்று இவர் எங்கோ கேட்டுவிட்டு வந்திருந்தார். நான் வெட்டாமல் வைத்தது அன்றைக்கு உதவியது. "பாத்தீங்களோ, என்ர பயம் உதவிப்போட்டுது" என்றுகூடச் சொன்னேன். முன்பக்கம் ஓட்டை இல்லாமல் சும்மா இரண்டு பொத்தானும் தைத்தேன். ஆனால் விரித்த காதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கருநீலப் பட்டி. மூன்று வருட வெயிலிலும் ஸ்ரூடியோ விளக்கிலும் கோட் வெளுத்திருந்தது, மடிப்புக்குள் இருந்த துணி வெளுக்கவில்லை. நான் அழுதேவிட்டேன். இவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இதுதான் இப்ப கொழும்பில புது ஸ்ரைல், கரை வைச்ச கோட்" என்று வருகிறவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார். நம்பினார்கள். கரை வைத்த கோட்தான் வேண்டும் என்று கேட்டும் வந்தார்கள். ஐந்தாறு மாதம் இருக்கும். அதற்குப் பிறகு ஓடினோம்.

அந்த ஐந்தாறு மாதத்தை நான் எப்படி மறந்தேன்? மறந்தேனா என்பதும் இப்போது எனக்குச் சந்தேகம். அந்த மாதங்களை நினைத்தால் கூடவே ஓடியதையும் நினைக்க வேண்டும், கைக்குழந்தையோடு கழித்ததையும் நினைக்க வேண்டும். அதனால் நினைவு கதவைத் தட்டியபோது நான் திறக்காமல் விட்டிருக்கலாம். அம்மா படத்தை நீட்டியபோது காதின் ஓரம் கறுத்திருந்தது போலவும் இருந்தது, படம் பழசாகிக் கறுத்ததாக இருக்கும் என்று விட்டதுபோலவும் இருந்தது. ஞாயிறு காலை வரை அதே யோசனை. படத்தில் பட்டி இருந்தால், மகன் காணாமல்போய் ஏறத்தாழ இரண்டு வருடத்துக்குப் பிறகு என் முன்னால் ஸ்ரூலில் இருந்திருக்கிறான். நான் அவன் முதுகில் ஊசி குத்தியிருக்கிறேன். அதைச் சொன்னால் அந்தத் தாய்க்கு என்ன கொடுக்கிறேன்? உயிரோடு இருந்தான் என்பதையா, ஏழெட்டு மைலுக்குள் இருந்தும் வீட்டுக்கு வரவில்லை என்பதையா? சொல்லாமல் விட்டால் திங்கட்கிழமை எல்லாம் முடிந்துவிடும். அவ சாப்பிடுவா, உறங்குவா. என்னையும் ஒருவரும் கேட்கப் போவதில்லை. இவர் இருந்திருந்தால் ஏதாவது ஒரு பகிடி சொல்லி எழுந்து போயிருப்பார். எனக்குப் பகிடி வராது. கையெழுத்து வைக்கப் போவது அவ. என் பிழையின்மேல் வைக்கப் போகிறா. அது ஒன்றுதான் எனக்குத் தெளிவாக இருந்தது.

இவர் நெகற்றிவ் திருத்தப் பெரிதாக்கிப் பார்த்த வட்டக் கண்ணாடியையும் அந்த யன்னல் சீலையையும் பையில் போட்டுக்கொண்டு நிலாவெளி பஸ்ஸில் ஏறினேன். சாம்பல்தீவுப் பாலம் தாண்டி இறங்கி விசாரித்துப் போனேன். மகள் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் சிரித்தா. படத்தை ஒருக்கால் பார்க்க வேண்டும் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

படம் சாமித்தட்டில் இருந்தது. இன்னும் மாலை போடவில்லை. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். காதின் ஓரத்தில், இரண்டு பக்கமும், மேலிருந்து கீழ்வரை, கோடு கீறியதுபோல ஒரு கறுத்த பட்டி. நான் அழுத அதே பட்டி. பொத்தானும் இரண்டு வரிசை. போன முறை அதைக்கூட நான் எண்ணவில்லை. குண்டூசியை எண்ணுகிற எனக்குப் பொத்தானை எண்ணத் தோன்றவில்லை.

சீலையை விரித்துக் காட்டி, மடிப்பையும் வெயிலையும் சொல்லி, நான் சொன்னது பிழை என்று சொன்னேன். மகள் சீலையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"யன்னல் சீலையோட வந்து நிண்டு இப்ப இதைச் சொல்லுறியளோ அக்கா? நாளைக்குக் கந்தோர். முப்பது வருசத்துக்கு மேல இந்த மனுசியை நான் சுமக்கிறன். ஒரு நாள், ஒரே ஒரு நாள்தான் நிம்மதியாப் படுத்தது."

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவ சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

அம்மாதான் கதிரையிலிருந்து கேட்டா. "எவ்வளவு பிந்தி?"

"ரெண்டு வருசம் வரும் அம்மா. அதுக்குக் கொஞ்சம் குறைய இருக்கலாம்."

"அப்ப இதில அவனுக்கு இருபத்தாறு."

"ஓம் அம்மா."

"படத்தைத் தா."

கொடுத்தேன். வட்டக் கண்ணாடியையும் கேட்டு வாங்கினா. இத்தனை வருடமாக அவவுக்கு மகன் இருபத்துநாலிலேயே நின்றவன். படம் கிடைத்த பிறகும் அவ அந்த முகத்தைத்தான் அதில் பார்த்திருக்க வேண்டும். இப்போது கண்ணாடியைக் கிட்டவும் தூரவுமாக அசைத்து, தான் ஒருநாளும் காணாத ஒருத்தனைப் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்தா. அழப்போகிறா என்று நான் பயந்து, பிடிக்கத் தயாராக ஒரு அடி முன்னுக்கு வைத்தேன். அவ அழவில்லை. முகம் சிவந்து கோபம் ஏறியது.

"ஏன்டா, தம்பலகாமத்துக்குப் போகத் தெரிஞ்ச உனக்கு இஞ்ச வர வழி தெரியேல்லையோ?" என்றா படத்தைப் பார்த்து. "கொம்மா இருக்கிறாளோ செத்தாளோ எண்டு கேக்கேல்லை. கோட்டுப் போட்டுப் படம் எடுக்க மட்டும் நேரம் கிடந்ததோ? ஆருக்குக் குடுக்கவடா எடுத்தனீ? அவளும் பார், கள்ளி, ஒரு தாய் வயித்துப் பிள்ளையள், சாமிப் படத்துக்குப் பின்னால ஒளிச்சு வைச்சுக்கொண்டு என்ர வீட்டை வந்து சோறு திண்டிட்டுப் போனவள்!"

"அம்மா..." என்று மகள் கிட்டப் போனா. கையில் கந்தோருக்குக் கொண்டுபோகிற தாள்கள் வைத்த பை. "நாளைக்கு..."

"அதை உள்ள வை" என்றா அம்மா திரும்பாமலே. "இவனோட எனக்குக் கதை முடியேல்லை."

மகள் உள்ளே போனா. பிறகு பையைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து என்னைப் பார்க்காமல் முற்றத்தில் இறங்கி மிளகாயைக் கிளறத் தொடங்கினா. நான் செய்தது சரியா என்று அவவிடம் கேட்க முடியாது. வேறு யாரிடமும் கேட்கவும் எனக்குத் துணிவு வந்ததில்லை. சீலையை மடித்துப் பையில் வைத்தேன். வட்டக் கண்ணாடியைத் திருப்பிக் கேட்கவில்லை. செருப்பைப் போடும்போது உள்ளே அம்மாவின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கோபம் கொஞ்சம் தணிந்து, பிந்தி வீட்டுக்கு வந்த பிள்ளையை எந்தத் தாயும் ஏசுகிற ஏச்சாக ஆகியிருந்தது.

"இருபத்தாறு வயசு ஆம்பிளை. படத்துக்கு இருக்கேக்குள்ள உந்த மயிரையாவது ஒருக்கா வெட்டிப்போட்டு இருந்திருக்கலாமே."